மிலானில் மாமா, பில்லில் 27,000: வெளிநாட்டில் போனைக் காசு கரையாமல் பயன்படுத்துவது எப்படி?

"டேய், நான் நெட்டே யூஸ் பண்ணலடா. மெட்ரோல மேப் மட்டும் ரெண்டு நிமிஷம் பார்த்தேன்."

போன பிப்ரவரியில் மிலான் போய்விட்டு வந்த என் மாமா, போஸ்ட்பெய்டு பில்லை என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னது இது. பில் 27,000 ரூபாய். ஆறு நாள் பயணத்துக்கு இல்லை மக்களே, முதல் ரெண்டு நாளுக்கு மட்டும். மீதி நாலு நாள் போன் வேலையே செய்யவில்லை.

மாமா ஆம்பூரில் ஒரு தோல் கம்பெனியில் மார்க்கெட்டிங் பார்க்கிறார். மிலான் பக்கத்தில் ரோ என்கிற இடத்தில் வருஷத்துக்கு ரெண்டு தடவை, பிப்ரவரியிலும் செப்டம்பரிலும், லினியாபெல்லே கண்காட்சி நடக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு இந்தப் பெயரை விளக்க வேண்டியதில்லை, உங்கள் தெருவிலேயே யாராவது போய் வந்திருப்பார்கள். மற்றவர்களுக்காக: உலகத்துத் தோல் வியாபாரிகள் கூடுகிற பெரிய சந்தை அது.

பணம் போனதுகூட அவருக்குப் பெரிதில்லை. ரெண்டாம் நாள் ஒரு பையர் ஸ்டாலுக்கு வந்து மூணு ஷேடு எடுத்துப் பார்த்திருக்கிறார். "சாயந்திரம் கூப்பிட்டு எதுன்னு சொல்றேன்" என்று விசிட்டிங் கார்டை வாங்கிக்கொண்டு போனார். கார்டில் இருந்தது மாமாவின் இந்திய நம்பர். மதியமே பில் கிரெடிட் லிமிட்டைத் தாண்டிவிட்டதால் லைனை நிறுத்திவிட்டார்கள். ஹோட்டல் வைஃபையில் வாட்ஸ்அப் ஓடிக்கொண்டு இருந்ததால், லைன் கட்டான விஷயமே மாமாவுக்கு ராத்திரிதான் தெரிந்தது. மறுநாள் காலையில் பையரைத் தேடிப் பிடித்தபோது, அவர் வேறு ஸ்டாலில் பேசி முடித்திருந்தார். எத்தனை சதுர அடி ஆர்டர் என்று மாமா இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை. கம்பெனி 3,000 ரூபாய் வரைதான் போன் பில் தரும். மீதி நாலு மாசச் சம்பளத்தில் பிடித்தம்.

"நீ படிக்கிறது இதானேடா? எங்க போச்சு என் காசு?" என்று கேட்டார். நான் இ.சி.இ. மூன்றாம் வருஷம். செமஸ்டரில் ஹேண்ட்ஓவர் பற்றி 13 மார்க் கேள்விக்கு நாலு பக்கம் எழுதியவன். ஆனால் மாமாவுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வரி பதில் இல்லை. அதற்கப்புறம் படித்து, கேட்டு, கணக்குப் போட்டுத் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். கண்காட்சிக்குப் போகும் அண்ணனோ, உம்ராவுக்குப் போகும் நன்னியோ, ஆன்சைட் போகப்போகும் சீனியரோ உங்கள் வீட்டிலும் இருப்பார்கள், உதவும்.

ரோமிங் என்பது ஜாப் ஒர்க்

நம்ம ஊர் ஆளுக்கு இதைவிட எளிதாகச் சொல்ல முடியாது. தோல் ஒருத்தருடையது. அதைப் பதப்படுத்த அவரிடம் டிரம் இல்லை. இன்னொரு டேனரிக்கு ஜாப் ஒர்க்குக் கொடுக்கிறார். அந்த டேனரி வேலையை முடித்து, சலான் போட்டு, இவ்வளவு ஆச்சு என்று தோலின் சொந்தக்காரருக்குப் பில் அனுப்புகிறது. கடைசியில் தோலை வாங்குபவரிடம் சொந்தக்காரர் தன் லாபத்தையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார். வாங்குபவருக்கும் டேனரிக்கும் நேரடிப் பேச்சே கிடையாது.

மிலானில் மாமா போனை ஆன் செய்தபோது நடந்தது இதேதான். சிம்முக்குள் ஐ.எம்.எஸ்.ஐ. என்று ஒரு எண் இருக்கும். இந்திய சிம் என்றால் அது 404 அல்லது 405 என்று ஆரம்பிக்கும். இத்தாலி டவர் அதைப் பார்த்ததும், "இது நம்ம ஆள் இல்லை, இந்தியா" என்று புரிந்துகொண்டு, இந்திய கம்பெனியின் டேட்டாபேஸைக் கேட்கிறது: இந்த ஆள் உண்மையா? ரோமிங் அனுமதி இருக்கிறதா? இங்கிருந்து சரி என்று பதில் போனதும் உள்ளே விடுகிறது. இத்தாலி கம்பெனிதான் ஜாப் ஒர்க் டேனரி. எத்தனை நிமிஷம், எத்தனை எம்.பி. என்று டேப் ஃபைல் என்கிற சலானைப் போட்டு இந்திய கம்பெனிக்கு அனுப்பும். இந்திய கம்பெனி அதன்மேல் தன் ரேட்டை வைத்து உங்களிடம் வாங்கும். சலான் வந்து சேர நேரம் ஆகும் என்பதால், போனில் வருகிற எச்சரிக்கை மெசேஜும் சில சமயம் தாமதமாகத்தான் வரும். அதை நம்பி உட்காரக் கூடாது.

எனக்கே ஆச்சரியமாக இருந்தது அடுத்த விஷயம். மிலானில் உட்கார்ந்துகொண்டு நீங்கள் ஓர் இத்தாலி வெப்சைட்டைத் திறந்தால், அந்த டேட்டா நேராக அந்த சர்வருக்குப் போவதில்லை. ஒரு சுரங்கப்பாதை வழியாக, டனல் என்று பாடத்தில் படித்தோமே அதுதான், இந்தியாவுக்கு வந்து, இங்கிருக்கிற கேட்வே வழியாக இன்டர்நெட்டில் இறங்கி, திரும்ப இத்தாலி போய், பதிலும் அதே வழியில் இந்தியா வந்து மிலான் போகும். ஹோம் ரௌட்டிங் என்று பெயர். பெரும்பாலான ரோமிங் இப்படித்தான் நடக்கிறது.

சின்னக் கணக்கு. மிலானுக்கும் சென்னைக்கும் நேர்கோட்டில் சுமார் 7,500 கி.மீ. கேட்வே சென்னையில் இருப்பதாக வைத்துக்கொண்டால் நாலு நடை, 30,000 கி.மீ. ஃபைபருக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கி.மீ. போகும். ஆக, ஒன்றுமே செய்யாமல் 150 மில்லிசெகண்ட் போய்விடும். நிஜத்தில் கேபிள் வளைந்து நெளிந்து போவதால் இன்னும் கூடும். "ரோமிங்ல நெட் ஸ்லோவா இருக்கு" என்று எல்லோரும் சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இதனால் ஒரு நன்மையும் உண்டு. ஷூ மெஷினரி, சோல், பக்கிள் பார்க்கிறதுக்கு இங்கிருந்து குவாங்சோ போகிறவர்கள் இருக்கிறார்கள். சீனாவில் உள்ளூர் சிம் போட்டாலோ ஹோட்டல் வைஃபையில் போனாலோ வாட்ஸ்அப், கூகுள் எதுவும் திறக்காது. இந்திய சிம்மில் ரோமிங் பேக் போட்டுப் போனால் திறக்கும், ஏனென்றால் உங்கள் டேட்டா இன்டர்நெட்டில் இறங்குவது சீனாவில் இல்லை. அதனால் சீனா போகிறவருக்கு மட்டும் நான் சொல்லும் யோசனை மற்ற நாடுகளுக்கு நேர்மாறாக இருக்கும்: காசு கொஞ்சம் கூட ஆனாலும் ரோமிங் பேக்கோ, வேறு நாட்டு இ-சிம்மோதான் சரி.

தூரத்துக்கும் ரேட்டுக்கும் சம்பந்தம் இல்லை

"அவ்வளவு தூரம் போய் வருதுல்ல, அதான் காசு" என்று மாமா தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டார். தப்பு. ஐரோப்பிய யூனியனுக்குள் 2017 ஜூன் 15-லிருந்து ரோமிங்குக்குத் தனிக் கட்டணம் கிடையாது. மிலானில் வாங்கிய சிம்மோடு ரயில் ஏறி ஜெர்மனி போனாலும் அதே பேக், அதே காசு. நியாயமான அளவு என்று ஒரு வரம்பு மட்டும் உண்டு. கம்பெனிக்குக் கம்பெனி வாங்கிக்கொள்ளும் மொத்த விலைக்கும் அங்கே சட்டமே உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஒரு ஜி.பி.க்கு 2022-ல் 2 யூரோ, 2027-ல் 1 யூரோ. அதாவது ஒரு ஜி.பி.யைச் சுமந்து கொடுக்கும் ஜாப் ஒர்க் கூலிக்கு அவர்கள் வைத்த எல்லையே அவ்வளவுதான். நமக்கும் இத்தாலிக்கும் நடுவில் அப்படி ஒரு சட்டம் இல்லை. ரெண்டு கம்பெனிகள் பேசி முடிப்பதுதான் ரேட். பேக் போடாமல் போகிறவரிடம் எந்தக் கடையிலும் பேரம் பேசாமல் வாங்குகிறவர் தருகிற விலையைத்தான் வாங்குவார்கள்.

ஒரு கண்ணி: ஸ்விட்சர்லாந்து ஐரோப்பிய யூனியனில் இல்லை. மிலானிலிருந்து கோமோ ஏரி பார்க்கப் போகிறவர்கள் எல்லையை ஒட்டிப் போகிறார்கள். "ஐரோப்பா பேக்" என்று பெயர் இருந்தாலும் நாடுகளின் பட்டியலில் ஸ்விட்சர்லாந்து இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லைப் பக்கம் போன் தானாக நெட்வொர்க் மாறுவதைப் பார்க்க வெளிநாடே போக வேண்டாம். தனுஷ்கோடி டூர் போனவர்களைக் கேளுங்கள், இலங்கை டவர் எட்டிப் பார்க்கும். ரோமிங் ஆன் ஆகியிருக்கிற சிம் என்றால் பாஸ்போர்ட் இல்லாமலே ரோமிங். அங்கே நெட்வொர்க்கை மேனுவலாகத் தேர்ந்தெடுத்து வைப்பதுதான் வழி. கப்பலும் விமானமும் இன்னும் மோசம். அவற்றுக்குள் சாட்டிலைட் வழியாக ஓடுகிற குட்டி நெட்வொர்க்குகள் இருக்கும், சாதாரண பேக்கில் அவை பெரும்பாலும் சேராது. விமானம் ஏறினால் ஏரோபிளேன் மோடு என்று சொல்வது விமானிக்காக மட்டும் இல்லை, நம்ம பர்ஸுக்காகவும்தான்.

நெட்டே யூஸ் பண்ணல, ஆனா 27,000

இப்போது மாமாவின் பில்லுக்கு வருவோம். பேக் இல்லாத ரேட் நாட்டுக்கு நாடு, கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கணக்குக்காக எம்.பி.க்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 540 எம்.பி. போனால் 27,000. அதே 540 எம்.பி. ஊரில் ஒரு நாளைக்கு வருகிற 1.5 ஜி.பி.யில் மூணில் ஒரு பங்கு. அந்தப் பழக்கத்தோடு நாம் விமானம் ஏறுகிறோம், அதுதான் சிக்கல்.

மாமா சொன்னதும் பொய் இல்லை. ரோ கண்காட்சிக்கு எம்1 மெட்ரோவில் போகும்போது மேப் பார்க்க டேட்டா ரோமிங்கை ஆன் செய்திருக்கிறார். பார்த்துவிட்டு மேப்பை மூடினார், டேட்டா ரோமிங்கை மூடவில்லை. ஹாலுக்குள் வைஃபை அறுந்து அறுந்து வந்தது. அறுந்த ஒவ்வொரு தடவையும் போன் சத்தமில்லாமல் மொபைல் டேட்டாவுக்குத் தாவியது. அந்த நேரம் ஆம்பூரில் ஃபினிஷிங் செக்‌ஷனில் வேலை மும்முரம். ஸ்ப்ரே லைன், டாகிளிங் என்று சூப்பர்வைசர் கம்பெனி குரூப்பில் வீடியோவாகப் போட்டுத் தள்ளியிருக்கிறார். எல்லாம் ஆட்டோ டவுன்லோடு. போதாததுக்கு அவர் எடுத்த போட்டோக்கள் எல்லாம் கூகுள் போட்டோஸுக்கு பேக்கப் ஆகிக்கொண்டு இருந்தன. மாமா போனைத் தொடவே இல்லை. பையில்தான் இருந்தது.

அதனால் கிளம்புவதற்கு முந்தின நாள் ராத்திரி, பெட்டி கட்டுவதற்கு முன்னால் அரை மணி நேரம் போனுக்கு ஒதுக்குங்கள். வாட்ஸ்அப்பில் ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா என்ற இடத்தில் ரோமிங்கின்போது எதுவும் தானாக இறங்கக் கூடாது என்று டிக்கை எடுத்துவிடுங்கள். போட்டோ பேக்கப், ஆப் அப்டேட் ரெண்டையும் வைஃபையில் மட்டும் என்று மாற்றுங்கள். டேட்டா சேவர் ஆன். போகிற ஊரின் மேப்பை ஆஃப்லைனாக இறக்கிவிட்டால் வழி பார்க்க நெட்டே வேண்டாம், ஜி.பி.எஸ். சாட்டிலைட்டில் இருந்து வருவது, அதற்குக் காசு இல்லை. டிரான்ஸ்லேட் ஆப்பிலும் இத்தாலியனை இறக்கி வைத்துக்கொள்ளலாம்.

சரி, எவ்வளவு டேட்டா வேண்டும்?

இதைக் கணக்குப் போடாமல் பேக் வாங்குகிறவர்கள்தான் அதிகம். வாட்ஸ்அப் குரல் அழைப்பை எடுத்துக்கொள்வோம். நொடிக்கு 24 கிலோபிட் என்று வைத்தால், ஒரு நிமிஷத்துக்கு 1,440 கிலோபிட், எட்டால் வகுத்தால் 180 கிலோபைட். போக வர ரெண்டு பக்கமும் 360. பாக்கெட் ஹெடர் எல்லாம் சேர்த்தால் தாராளமாக நிமிஷத்துக்கு 1 எம்.பி.க்குள் முடியும். தினம் பத்து நிமிஷம், ஆறு நாள்: 60 எம்.பி. வீடியோ கால் என்றால் ஒரு பக்கத்துக்கு நொடிக்கு 500 கிலோபிட் என்று வைத்தாலே நிமிஷத்துக்கு 7.5 எம்.பி. ஆகும். தினம் இருபது நிமிஷம் பேசினால் ஆறு நாளில் 900 எம்.பி. ஆக, வீடியோவை ஹோட்டல் வைஃபைக்குத் தள்ளிவிட்டால், ஒரு வாரப் பயணத்துக்கு 1 ஜி.பி. போதும். எதற்கும் பயம் இல்லாமல் இருக்க 3 ஜி.பி. "அன்லிமிடெட்" என்று விற்பதை நான் வாங்கச் சொல்ல மாட்டேன், சின்ன எழுத்தில் ஒரு நாளைக்கு இவ்வளவுக்கு மேல் வேகம் குறையும் என்று பெரும்பாலும் போட்டிருக்கும்.

எந்த சிம்?

மூணு வழி இருக்கிறது. இந்திய கம்பெனியின் ரோமிங் பேக், போகிற நாட்டு சிம், பயண இ-சிம்.

ரோமிங் பேக்கின் ஒரே பெரிய வசதி, உங்கள் நம்பருக்கே கால் வரும், எடுக்கலாம். விசிட்டிங் கார்டில் இந்திய நம்பர் இருக்கிற மாமா மாதிரி ஆட்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஆனால் வாங்கும்போது நாலு கேள்வி கேளுங்கள். எந்தெந்த நாடு? வருகிற கால்களுக்கு எத்தனை நிமிஷம்? பேக்கின் ஒரு நாள் என்பது 24 மணி நேரமா, இந்திய நேரப்படி நள்ளிரவு வரையா? டேட்டா தீர்ந்தால் நெட் நின்றுவிடுமா, இல்லை பழைய ரேட்டில் ஓடுமா? கடைசிக் கேள்வி ரொம்ப முக்கியம். இன்னொன்று, துபாயிலோ தோஹாவிலோ விமானம் மாறுகிறீர்கள் என்றால் அது தனி நாடு. இத்தாலிக்கு மட்டும் பேக் போட்டவர் அங்கே இறங்கி ஏரோபிளேன் மோடை எடுத்தால் மீட்டர் ஓட ஆரம்பித்துவிடும். டிரான்ஸிட்டில் ஏரோபிளேன் மோடிலேயே வைத்து, வைஃபையை மட்டும் ஆன் செய்யுங்கள்.

ஒரு மாசம், மூணு மாசம் தங்குகிறவர்களுக்கு உள்ளூர் சிம்முக்கு மேல் மலிவு எதுவும் இல்லை. நம்ம பக்கத்துத் தோல் டெக்னீஷியன்கள் அடிஸ் அபாபாவுக்கும் டாக்காவுக்கும் வேலைக்குப் போகிறார்கள், அவர்களுக்கு இதுதான் வழி. பாஸ்போர்ட் காட்ட வேண்டும். சவூதியில் கைரேகையும் கேட்பார்கள், உம்ரா போகிற பெரியவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள், பயந்துவிடப் போகிறார்கள். இத்தாலியில் கோடிசே ஃபிஸ்காலே என்று நம்ம பான் எண் மாதிரி ஒன்று கேட்பார்கள். வெளிநாட்டுக்காரருக்குக் கடையிலேயே அந்த எண்ணைப் போட்டுக்கொடுப்பது வழக்கம். ஏர்போர்ட் கடையைவிட ஊருக்குள் இருக்கிற கடையில் விலை குறைவாக இருக்கும். துருக்கியில் மட்டும் ஒரு விசேஷம்: வெளிநாட்டுப் போனில் உள்ளூர் சிம் போட்டால், போனைப் பதிவு செய்யாவிட்டால் 120 நாளுக்கு மேல் வேலை செய்யாது.

ஒரு வாரத்துக்கு மட்டும் போகிறவர்களுக்குப் பயண இ-சிம். வீட்டில் உட்கார்ந்தே வாங்கலாம். போனில் *#06# அழுத்துங்கள். ஐ.எம்.ஈ.ஐ. எண்களோடு ஈ.ஐ.டி. என்று ஒரு நீளமான எண் வந்தால் உங்கள் போன் இ-சிம் எடுக்கும். வரவில்லை என்றால் செட்டிங்ஸிலும் ஒருமுறை பார்த்துவிட்டு, ரெண்டாவது சிம் ஸ்லாட்டுக்கு உள்ளூர் சிம்தான் கதி. இ-சிம்மை ஊரிலேயே வைஃபையில் ஏற்றிக்கொண்டு போங்கள், அங்கே இறங்கியதும் ஆன் செய்தால் போதும். தெரியாத்தனமாக டிலீட் செய்துவிடாதீர்கள், பல கம்பெனிகளின் கியூ.ஆர். கோடு ஒரே தடவைதான் வேலை செய்யும்.

இந்த இ-சிம்களில் பலவும் தாமே ரோமிங் சிம்கள்தான். வேறு ஏதோ ஒரு நாட்டுக் கம்பெனியின் சிம், மொத்த விலைக்கு எடுத்து நமக்கு விற்கிறார்கள். அதனால்தான் நம்பர் வராது, டேட்டா மட்டும். ஜாப் ஒர்க்கை மொத்தமாகப் பிடித்துச் சில்லறையில் விற்கிற புரோக்கர் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

ரெண்டு சிம் இருக்கும்போது செட்டிங்ஸில் டேட்டாவுக்குப் புது சிம், இந்திய சிம்முக்கு டேட்டா ரோமிங் ஆஃப். சில போன்களில் "ஒரு சிம்மில் சிக்னல் இல்லையென்றால் இன்னொன்றுக்கு மாறு" என்று ஒரு ஆப்ஷன் இருக்கும். அதையும் ஆஃப் செய்யுங்கள். இதை விட்டுவிட்டால் மேலே சொன்ன எல்லாம் வீண்.

இந்திய சிம்மைக் கழட்டாதீர்கள்

காசு மிச்சம் என்று சிலர் இந்திய சிம்மைக் கழட்டிப் பர்ஸில் வைத்துவிடுவார்கள். அப்புறம் ஹோட்டலுக்குப் பணம் கட்டப் போனால் ஓ.டி.பி. எங்கே வரும்? ரோமிங்கில் வருகிற எஸ்.எம்.எஸ்.ஸுக்குப் பொதுவாகக் காசு இல்லை, இருந்தாலும் உங்கள் கம்பெனியில் ஒருமுறை கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஆனால் ரோமிங் அனுமதி ஆன் ஆகியிருந்தால்தான் அது வரும். அதை இங்கேயே, கிளம்புவதற்கு ரெண்டு நாள் முன்பே செய்துவிட வேண்டும். அங்கே போய் கஸ்டமர் கேரைக் கூப்பிடுவது என்பது நடுத்தெருவில் நின்று குடை வாங்குகிற மாதிரி. பிரீபெய்டு ஆட்கள் வேலிடிட்டியையும் பாருங்கள், நடுவில் ரீசார்ஜ் முடிந்தால் ஓ.டி.பி.யும் முடிந்தது. ஏ.டி.எம். கார்டில் வெளிநாட்டுப் பயன்பாடு 2020-க்கு அப்புறம் கொடுக்கப்படும் கார்டுகளில் முதலில் ஆஃபாகத்தான் இருக்கும், பேங்க் ஆப்பில் ஆன் செய்ய வேண்டும்.

ஜிபே, போன்பே எதையும் அங்கே போய் அழித்து மறுபடி ஏற்றாதீர்கள். யு.பி.ஐ. ஆப் புதிதாகப் பதிவாகும்போது உங்கள் சிம்மிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். அனுப்பும். ரோமிங்கில் அதற்குக் காசும் போகும், சில சமயம் போய்ச் சேராமலும் போகும். வாட்ஸ்அப் புது சிம்மைப் பார்த்து "நம்பரை மாற்றட்டுமா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். வாட்ஸ்அப்புக்கு இந்திய நம்பரே இருக்கட்டும், டேட்டா எந்த சிம்மில் வந்தாலும் அது ஓடும்.

கால் விஷயத்தில் நம்ம ஊர்ப் பழக்கம் ஒன்று காலை வாரும். இந்தியாவில் வருகிற காலுக்குக் காசு இல்லை என்று ஒரு தலைமுறையே வளர்ந்துவிட்டது. ரோமிங்கில் அப்படி இல்லை. ஆம்பூரிலிருந்து அத்தை உங்கள் நம்பருக்குக் கூப்பிட்டால் அவருக்கு உள்ளூர் கால் காசுதான். இந்தியாவிலிருந்து மிலான் வரை போகிற தூரத்துக்குக் காசு கொடுப்பது நீங்கள். மாமா மிலானில் ரெண்டு கால் எடுத்தார். ஒன்று வீட்டிலிருந்து. இன்னொன்று பர்சனல் லோன் வேண்டுமா சார் என்று. அதற்கும் பில்லில் ஒரு வரி இருந்தது.

கால் ஃபார்வர்டிங் இன்னும் மோசம். "எடுக்கலன்னா வீட்டு நம்பருக்குப் போகட்டும்" என்று போட்டு வைத்திருந்தால், கால் முதலில் மிலான் போகும், நீங்கள் எடுக்காததால் அங்கிருந்து திரும்ப இந்தியா வரும். ரெண்டு பக்கத்துக்கும் காசு. நீட்டி மடக்கி வாசிக்கிற வாத்தியத்தின் பெயரில் இதை டிராம்போனிங் என்கிறார்கள். விமானம் ஏறும் முன் ##002# அழுத்தினால் எல்லா ஃபார்வர்டிங்கும் போய்விடும்.

அமீரகம் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே உள்ளூர் சிம்மிலும் வைஃபையிலும் வாட்ஸ்அப்பில் மெசேஜ் போகும், பேச முடியாது. போட்டிம் போன்ற அனுமதி பெற்ற ஆப்களைத்தான் பயன்படுத்துகிறார்கள். வீட்டில் இருக்கிறவர்களின் போனிலும் அதை ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போங்கள்.

செப்டம்பரில் மாமாவுக்கு மறுபடி மிலான். இந்தத் தடவை கிளம்பும் முன் ரெண்டு பேரும் ஒரு மணி நேரம் உட்கார்ந்தோம். அவர் போனில் இ-சிம் இல்லை. அதனால் இந்திய சிம்மில் கால்களுக்காக மட்டும் சின்ன ரோமிங் பேக், டேட்டாவுக்கு மிலானில் வாங்கிய சிம் ரெண்டாவது ஸ்லாட்டில். புது விசிட்டிங் கார்டில் நம்பருக்குப் பக்கத்தில் வாட்ஸ்அப் அடையாளத்தையும் அச்சடிக்கச் சொன்னேன். கம்பெனி குரூப்பை ஒரு வாரத்துக்கு மியூட் செய்யச் சொன்னபோது மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை, "சரக்கு என்ன ஆச்சுன்னு பார்க்க வேணாமாடா?" என்றார். ஆட்டோ டவுன்லோடை மட்டும் எடுத்துவிட்டேன்.

பேக்கும் சிம்மும் சேர்த்து கம்பெனி தருகிற 3,000-க்குள்ளேயே முடிந்தது. பிப்ரவரியில் பார்த்த அந்தப் பையர் இந்தத் தடவையும் ஸ்டாலுக்கு வந்தார், டேன் கலரில் ஒரு ஷேடுக்கு சாம்பிள் கேட்டிருக்கிறார், இன்னும் ஆர்டர் ஆகவில்லை. மாமா பெங்களூரு ஏர்போர்ட்டில் இறங்கி, பக்கத்தில் இருந்தவர் போனை வாங்கி எனக்குக் கூப்பிட்டார்.

"டேய், இங்க வந்ததுல இருந்து நெட் வரலடா."

"இத்தாலி சிம்ல டேட்டா இருக்கு மாமா. அதை இந்திய சிம்முக்கு மாத்துங்க."